நான்கு நாள் இருமல்

ஜெயினுலாப்தீனைப் பற்றி நான் எழுதுவது இது இரண்டாவது முறை. முதல் முறை எழுதியது பதினோரு வரி. 1964 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை, தாணேயில் உள்ள ஒரு ஜமாஅத்துக்கு அனுப்பிய கடிதம் அது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தக் கடிதத்தால் அவருடைய மகள் நஸீராவின் கல்யாணம் நின்றது.

என் பெயர் காசிம். பம்பாய்த் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் டேலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைக்கும் பீப்பாய்க்கும் கோடு போடுவது வேலை. நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. என் கோட்டில் தப்பு கண்டுபிடித்தவர் ஒருவரும் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஓய்வு பெற்றபின் தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தகரக் கூரைப் பள்ளிவாசலுக்குச் செயலாளரானேன். பிறப்பு, நிக்காஹ், மௌத்து மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு வைத்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதிவைத்திருந்தார் என்பதற்காக அவரை நெடுநாள் இளக்காரமாகப் பேசியிருக்கிறேன்.

ஜெயினுலாப்தீன் தோல் பட்டறையில் சுண்ணாம்புக் குழி வேலைக்காரர். மயிர் கழிவதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புரட்டி எடுக்கிற வேலை. விரல் நகங்கள் பாதி தேய்ந்து வெளுத்திருக்கும். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடி ஊர். மதரஸாவில் மூன்று வருஷம் ஓதினார். வாப்பா இறந்ததும் படிப்பை விட்டு ரயிலேறியவர். அந்த மூன்று வருஷத்தின் மிச்சமாக அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. குர்ஆனுக்குப் பழைய அறிஞர்கள் எழுதிய விளக்கங்களைத் திரட்டி, அரபு எழுத்தில் தமிழாகவே எழுதி அச்சடித்த தஃப்ஸீர். முன்பக்கங்கள் போய்விட்டதால் பெயரும் தெரியாது, தொகுத்தவரும் தெரியாது, ஆண்டும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அவர் அதை வாசிப்பார். பட்டறை ஆட்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நான் உள்ளே உட்காருவதில்லை. வாசலில் நின்று செருப்புகளை எண்ணி, இரண்டால் வகுத்து, வருகையை எழுதிக்கொள்வேன். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஆட்கள் எண்ணிக்கை. என்ன வாசித்தார் என்பதற்கு என் நோட்டில் இடம் இல்லை.

1964 ஜூலை 5 அன்று கமிட்டிக் கூட்டத்தில் இந்த வாசிப்பை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தவன் நான்தான். பழைய விளக்கங்கள் கூடாரத்தில் வாழ்ந்தவர்களுக்காக எழுதப்பட்டவை, இன்றைய பம்பாய் வாழ்க்கைக்கு அவற்றால் பயன் குறைவு, அந்த நேரத்தில் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கலாம், சுகாதாரம் பற்றி யாரையாவது பேசச் சொல்லலாம் என்று எழுதியிருந்தேன். பெயரும் ஆண்டும் இல்லாத ஒரு புத்தகத்தைப் பள்ளிவாசலில் வைத்து வாசிப்பது முறையல்ல என்பது என் இரண்டாவது காரணம்.

கமிட்டித் தலைவர் ஜமால், பட்டறைச் சொந்தக்காரர்களில் ஒருவர். கிண்டல்காரர்.

“வே ஜெயினுலாப்தீன், மூணு வாரமா ஒரே பக்கத்துலதான் நிக்கீராம்? என்ன பக்கம் அது?”

“அடுத்தவுக வீட்டுக்குள்ள எப்படிப் போகணுங்கிற குர்ஆன் ஆயத்து, மொதலாளி.”

ஜமால் சிரித்தார். “நல்லாருக்கு போ. ஊரு பூரா வாசலுக்குச் சாக்குத் திரை. இதுல கதவைத் தட்டுததுக்கு விளக்கம். எந்தக் கதவைவே தட்டப்போறீரு?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெயினுலாப்தீன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

“கதவு உள்ளவனுக்குக் கதவே போதும் மொதலாளி. இல்லாதவனுக்குத்தான ஆயத்து வேணும்.”

இந்தப் பதிலை நான் குறிப்பில் எழுதவில்லை. ‘ஜெயினுலாப்தீன் ஆட்சேபம் தெரிவித்தார்’ என்று மட்டும் எழுதினேன். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அந்த மாதம்தான் நஸீராவுக்கு வரன் வந்தது. பத்தொன்பது வயது. வீட்டிலிருந்தே சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண். மாப்பிள்ளை ரோஷன், தாணேயில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பெண் பார்த்து, பிடித்து, சம்மதத்துக்கு அடையாளமாகச் சர்க்கரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜெயினுலாப்தீனின் மனைவி ஷரீஃபுன்னிசா அந்தச் சர்க்கரையைத் தங்கள் வீட்டு வரிசை முழுக்கப் பங்கிட்டார். என் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

எங்கள் வழக்கப்படி வேறு ஜமாஅத்தில் சம்பந்தம் என்றால், அங்கிருந்து விசாரணைக் கடிதம் வரும். இங்கிருந்து பதில் போக வேண்டும். பதில் போகாமல் நிக்காஹ் கிடையாது. மாப்பிள்ளையின் பெரியவாப்பா தாணே ஜமாஅத்தின் பேரில் எழுதிய கடிதம் ஆகஸ்ட் 11 அன்று எனக்குக் கிடைத்தது. குடும்பத்தின் நடத்தை எப்படி, தொழுகை எப்படி, தொற்றுநோய் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

மற்றவர்களாக இருந்தால் ‘நல்ல குடும்பம்’ என்று இரண்டு வரியில் முடித்திருப்பார்கள். என்னால் அப்படி முடியாது. தொற்றுநோய் என்ற சொல்லைப் பார்த்ததும் ஜெயினுலாப்தீனின் இருமல்தான் நினைவுக்கு வந்தது.

அவர் இருமுவார். அது வரிசையில் எல்லோருக்கும் தெரியும். வேலை முடிந்து வருகிறார் என்பதே அந்த இருமலில்தான் தெரியும். மூன்று தடவை, நிறுத்தி நிறுத்தி. பிள்ளைகள் ‘இருமல் பாய்’ என்று கூப்பிடுவார்கள். சுண்ணாம்பு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். சயரோகம் என்று ஒன்றிரண்டு பேர் மெதுவாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் அந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொல்வது.

என் வீடு அவர் வரிசைக்கு எதிரில். ஆகஸ்ட் 12 முதல் 15 வரை நான்கு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். புதன் ஐந்து முறை. வியாழன் நான்கு. வெள்ளி ஆறு. சனிக்கிழமை சுதந்திர தினம், பட்டறை விடுமுறை, அன்று ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் மணி குறித்தேன். ஓய்வாக இருக்கும் நாளில் இருமல் கூடுகிறது, ஆகவே நோய் முற்றியிருக்கலாம் என்று எனக்குள்ளேயே முடிவுகட்டினேன். ஆனால் முடிவைக் கடிதத்தில் எழுதவில்லை. ஊகத்தை எழுதுவது என் வழக்கமல்ல என்று அப்போதும் பெருமைப்பட்டேன். நான் எழுதியது இவ்வளவுதான்: ‘நடத்தையில் குறை இல்லை. ஐவேளைத் தொழுகையாளி. பெண்ணின் தந்தைக்கு நீண்ட நாளாக இருமல் உண்டு. நான்கு நாளில் இருபத்து நான்கு முறை கேட்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் காட்டியதாகத் தகவல் இல்லை.’

ஆகஸ்ட் 29 அன்று தாணேயிலிருந்து பெரியவாப்பா நேரில் வந்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் கேட்டபோது என் கடிதத்தை எடுத்து ஜெயினுலாப்தீன் கையிலேயே கொடுத்திருக்கிறார்.

சயரோகம் என்ற பேச்சு இரண்டே நாளில் பட்டறைக்கும் போய்விட்டது. எக்ஸ்ரே எடுத்து வராமல் குழியில் இறங்கக் கூடாது என்று ஜமால் சொன்னார். ஒரு வாரம் வேலை இல்லாமல் முனிசிபல் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று படம் எடுத்தார் ஜெயினுலாப்தீன்.

செப்டம்பர் 8, மாலை நாலேகால். கடைசி வீட்டு லூசியம்மாள் ஊருக்குக் கடிதம் எழுத என்னிடம் வந்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். ஒரே அறையில் புருஷனோடும் நான்கு பெண்பிள்ளைகளோடும் இருந்தார். வெளியே மூன்று இருமல் கேட்டது. ஆளைக் காணோம். வாசலுக்கு நேரே நிற்காமல் சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்தார் ஜெயினுலாப்தீன்.

“உள்ள வாரும். இருமிக்கிட்டு வெளியில நிக்காதேயும்” என்றேன்.

ஸலாம் சொல்லிவிட்டு வந்தார். கையில் பழுப்பு உறை. உள்ளே எக்ஸ்ரே படம், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு.

“நெஞ்சு சுத்தமா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க காக்கா. உங்க நோட்டுல ஒட்டணும்லா, ஒட்டிக்கிடுங்க.”

அப்போதும் என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றே கூப்பிட்டார். நான் சீட்டை இரண்டு முறை வாசித்தேன். தேதி, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

“அப்போ இந்த இருமல்?”

லூசியம்மாள்தான் சிரித்துவிட்டார்.

“என்னய்யா கேக்கீய? அது சீக்கா? அது காலிங் பெல்லு!”

“என்ன சொல்லுதிய?”

“எங்க வீட்டுல நாலு பொட்டப்பிள்ளையள். கெடக்கது ஒத்த ரூமு. குளிக்கது அதுல, துணி மாத்துதது அதுல. வாரவன் போறவன் எல்லாம் சாக்கைத் தூக்கிட்டு மண்டைய நீட்டுவான். இந்த பாய் ஒருத்தருதான் தள்ளி நின்னு இருமுவாரு. மூணு மட்டம். பதில் இல்லன்னா போயிருவாரு. தன் வீட்டுக்கே இருமிட்டுத்தான் போவாரு, தெரியுமா? நானே கேட்டேன், பொண்டாட்டி இருக்கிற வீட்டுக்கு என்னத்துக்கு பாய் இருமுதியன்னு. கிதாபுல போட்டிருக்கும்மான்னாரு.” அப்புறம்தான் அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். என் முகத்தையும் அந்த உறையையும் மாறி மாறிப் பார்த்தார். “அய்யோ, இதுக்கா அந்தப் பிள்ளை கல்யாணம் நின்னுச்சு?”

நான் ஆகஸ்ட் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாள், மணி, எண்ணிக்கை மூன்று கட்டம் போட்டிருந்தேன். இடம் என்று ஒரு கட்டம் போடவில்லை. போட்டிருந்தால் இருபத்து நான்கு முறையும் ஏதாவது ஒரு வாசல் என்று தெரிந்திருக்கும். தொழுகையில் ஒரு நாளும் அவர் இருமியதில்லை. குழியில் இருமியதாக ஒருவரும் சொன்னதில்லை. விடுமுறை நாளில் ஒன்பது என்றால், அன்று அவர் ஒன்பது வாசலுக்குப் போயிருக்கிறார். பெண்ணுக்குக் கல்யாணம் என்று சொல்லத்தான் போயிருப்பார்.

“என்னை நீர் ஏசியிருக்கலாமே” என்றேன்.

“என்னத்தச் சொல்லி ஏச? நீங்க பொய் எழுதலியே காக்கா. இருமுதேன்தான?”

இதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மறுநாளே தாணேக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். டாக்டர் சீட்டின் நகலும் வைத்தேன். செப்டம்பர் 21 அன்று பதில் வந்தது. ‘ஒரே கையெழுத்தில் இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. எதை நம்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பையனுக்குப் பாண்டுப்பில் வேறு பெண் பேசி முடித்துவிட்டோம்.’ என் கையெழுத்தைப் பார்த்து ஒருவர் நம்ப முடியவில்லை என்று எழுதியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு, செருப்பைக் கழற்றிவிட்டு நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். ஜமால் என்னைப் பார்த்துவிட்டு, “என்ன செக்கரட்டரி, உம்ம ஜோடியையும் சேத்து எண்ணிட்டீரா?” என்றார். ஜெயினுலாப்தீன் மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். எனக்காகவோ என்னவோ, அந்தப் பழைய பக்கத்தையே திரும்ப எடுத்தார்.

ஆயத்தின் பொருள் எனக்கும் தெரிந்ததுதான். உங்களுடையதல்லாத வீடுகளில், இணக்கம் தேடி, வீட்டாருக்கு ஸலாம் சொல்லும்வரை நுழையாதீர்கள் என்பது. ‘அனுமதி கேட்டு’ என்றுதான் நான் அதுவரை அதைப் புரிந்துவைத்திருந்தேன். பழைய விளக்கக்காரர்கள் அந்த ஒரு சொல்லில் நின்றுவிடுகிறார்கள். ஏன் அனுமதி என்ற சொல் இல்லாமல் இணக்கம் என்ற சொல் வருகிறது என்று கேட்கிறார்கள். சிலர் இரண்டும் ஒன்றே என்கிறார்கள். சிலர், தொண்டையைக் கனைத்து, இருமி, ஆள் வருகிறது என்று உள்ளே இருப்பவர் அறியச் செய்வதே அது என்கிறார்கள். அந்தக் காலத்து வீடுகளுக்கு வாசலில் திரைகூட இல்லாததால் நபிகள் நேரே நிற்காமல் வலமோ இடமோ ஒதுங்கி நின்று ஸலாம் சொல்வார்கள் என்று ஒரு செய்தி. தம் சொந்த வீட்டுக்கே கனைத்துவிட்டு நுழைந்த ஒரு தோழரைப் பற்றி அவர் மனைவி சொன்ன செய்தி. எல்லாம் அந்தப் பெயரில்லாத புத்தகத்தில் இருந்தன. பக்கத்துக்கு ஏழெட்டுப் பெயர்கள், யாரிடமிருந்து யார் கேட்டார் என்று. என் பதிவேடுகளைவிடக் கவனமாக எழுதப்பட்டிருந்தது.

கூடாரத்தில் வாழ்ந்தவர்களுக்கு எழுதியது என்று தீர்மானத்தில் எழுதினேன் அல்லவா? பத்தடி அறையில் சாக்குக்குப் பின்னால் நான்கு பெண்பிள்ளைகள் துணி மாற்றும் வரிசைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டுதான் அதை எழுதினேன்.

எல்லோரும் போனபின் ஜெயினுலாப்தீனிடம், வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன்.

“நான் மன்னிச்சாச்சு காக்கா. ஆனா வீடு அவளுது. பிள்ளையும் அங்கதான் இருக்கா. அவுக சொல்லணும். நான் உங்களைக் கூட்டிட்டுப் போனா அவுக வாயை நான் அடைச்ச மாதிரி ஆயிரும். நீங்களே போங்க.”

பிறகு புத்தகத்தைத் தோலுறையில் வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: “அடுத்த ஆயத்தைப் பாத்துக்கிடுங்க. திரும்பிப் போங்கன்னு சொன்னா திரும்பிப் போயிரணும். அதுதான் நமக்குச் சுத்தம். நபியோட காலத்துல மக்காவை விட்டு வந்த முஹாஜிர்கள்ல ஒருத்தரு சொல்லுதாரு, ‘என்னைப் போன்னு யாராவது சொல்லமாட்டாங்களா, சந்தோசமாத் திரும்பிப் போயி இந்த ஆயத்தையும் நிறைவேத்திருவேனே’ன்னு. அவருக்கு ஆயுசு பூரா அது வாய்க்கவே இல்லையாம்.”

1964 அக்டோபர் 4, ஞாயிறு, காலை பத்து மணி. திரைக்கு நேரே நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நின்று ஸலாம் சொன்னேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. இரண்டாம் முறை சொன்னேன். மூன்றாம் முறை சொன்னேன்.

“யாரு?” என்றார் ஷரீஃபுன்னிசா.

“காசிம். செக்கரட்டரி.”

பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அவுக இல்ல.”

“தெரியும் தங்கச்சி. உங்ககிட்டயும் பிள்ளைகிட்டயும்தான் ஒரு வார்த்தை.”

உள்ளே தாயும் மகளும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். என்ன என்று கேட்கவில்லை. கேட்க முயலாமல் இருந்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

“போங்க” என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரையும் அப்படிச் சொல்லி அனுப்புவதில்லை. விரோதியைக்கூட ‘போயிட்டு வாங்க’ என்றுதான் சொல்வோம். மௌத்து வீட்டில் மட்டும்தான் ‘வாங்க’ சொல்வதில்லை. ஷரீஃபுன்னிசா அந்த ‘வாங்க’வை எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விடும் உரிமை அவருக்கு இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகப் பல பேர் உட்கார்ந்து எழுதி அந்த உரிமையை அவருக்காகக் காத்து வைத்திருந்தார்கள். நான் திரும்பினேன். அந்த முஹாஜிர் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்தது. சந்தோஷம் மட்டும் கிடைக்கவில்லை.

அதற்குப் பின் ஒன்றரை வருஷத்துக்கு நஸீராவை யாரும் கேட்டு வரவில்லை. எக்ஸ்ரே சீட்டைக் காட்டிக் காட்டி ஜெயினுலாப்தீன் அலைந்தார். இல்லாத நோய்க்குச் சீட்டு காட்டக் காட்டச் சந்தேகம்தான் கூடியது. 1966 மே மாதம் உல்லாஸ்நகரில், மனைவியை இழந்த ஒரு துணி வியாபாரிக்கு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்கள் அனுப்பிய விசாரணைக் கடிதம் வழக்கப்படி என் பெயருக்குத்தான் வந்தது. நான் பிரிக்காமல் ஜமாலிடம் கொடுத்தேன். அவர் மூன்று வரியில் பதில் எழுதினார்.

நிக்காஹ் பதிவேட்டில் பதினேழு வருஷப் பதிவுகள் என் கையெழுத்தில் இருக்கின்றன. நஸீராவின் வரி மட்டும் ஜமாலின் கோணல் எழுத்தில் இருக்கிறது. செக்கரட்டரி எழுத வேண்டாம் என்று பெண்ணின் தாய் சொல்லியனுப்பியிருந்தார். தேதியில் ஒரு தவறு இருக்கிறது, வியாழன் என்பதற்கு வெள்ளி என்று. நான் அதைத் திருத்தவில்லை.

இதை எழுதுவது 1969. ஜெயினுலாப்தீன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கிறார், நான் முன்வரிசையில் உட்காருகிறேன். அவர் வீட்டு வாசலுக்கு அதன்பின் நான் போகவில்லை. ‘வாங்க’ என்று ஷரீஃபுன்னிசா இன்னும் சொல்லியனுப்பவில்லை.